கடைத்தெருவும் சிறு வீடும்: வணிகர் அறிய வேண்டிய நகரமைப்பு விதிகள்

ஜி.எஸ்.டி., எடை முத்திரை, உணவு உரிமம் என நாம் தெரிந்து வைத்திருக்கும் சட்டங்கள் பல. ஆனால் நம் தெருவில் எவ்வளவு கட்டலாம், கடைக்கு மேல் வீடு அமையலாமா என்று தீர்மானிக்கும் நகரமைப்பு விதிகளை நம்மில் பலர் கட்டட அனுமதிக்கு அலையும்போதுதான் கேள்விப்படுகிறோம். கடை ஊழியருக்கு அருகில் வீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெருமளவு இந்த விதிகளைப் பொறுத்தே இருக்கிறது. சென்னையை எடுத்துக்காட்டாக வைத்து அவற்றின் அடிப்படையைப் பார்ப்போம்.

நிலப் பயன்பாடு

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்படுகிறது. அதில் நிலம் ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை முதலான வகைகளாகப் பிரிக்கப்படும். ஆதாரக் குடியிருப்பில் சிறு கடைகளுக்கே இடமுண்டு. கலப்புக் குடியிருப்பில் வீடுகளோடு கூடுதலான வணிகத்துக்கும் வழியிருக்கிறது. கீழே கடை, மேலே குடித்தனம் என்பது ஜார்ஜ் டவுன் தெருக்களில் நாம் நெடுங்காலமாகக் கண்ட வழக்கமே.

அடர்த்திக் கணக்கு

மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு, எப்.எஸ்.ஐ. என்று நாம் வழக்கில் சொல்வது இதைத்தான். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த குறியீட்டை 2 ஆகவும், உயர் அடுக்குக் கட்டடங்களுக்கு 2.5 ஆக இருந்ததை 3.25 ஆகவும் உயர்த்தின. சாலையின் அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுதல் பரப்பைக் கட்டணம் செலுத்திப் பெறவும் அவை வழி செய்தன.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையின் விலை ரூ.1.2 கோடி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். குறியீடு 1.5 எனில் 3,600 சதுர அடி கட்டலாம். சதுர அடிக்கு நிலச்செலவு ரூ.3,333. குறியீடு 2 எனில் 4,800 சதுர அடி, நிலச்செலவு ரூ.2,500. 480 சதுர அடி வீட்டுக்கு நிலத்தின் பங்கு ரூ.16 லட்சத்திலிருந்து ரூ.12 லட்சமாகக் குறைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடுதலாகக் கட்டலாம் என்று தெரிந்ததும் நிலக்காரர் ரூ.1.6 கோடி கேட்டால், நிலச்செலவு பழையபடி ரூ.3,333-க்கே வந்துவிடும். வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி நடுவிலேயே நின்றுவிடுவது போன்றது இது. ஆகவே குறியீட்டை உயர்த்துவதால் மட்டும் வீடு மலிவாகிவிடாது. சிறு வீடுகளும் கட்டப்படுவதற்கு விதி வேண்டும்.

பத்து விழுக்காட்டு விதி

அத்தகைய விதி ஒன்று 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்திலேயே இடம்பெற்றது. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு அமைப்போர், பரப்பில் 10 விழுக்காட்டைக் குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது அத்திட்டம். ஒவ்வொரு வீடும் 45 சதுர மீட்டருக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அதே மனையிலோ, 2 கிலோமீட்டர் சுற்றளவிலோ அவை அமைய வேண்டியிருந்தது.

பின்னர், வீட்டுக்குப் பதிலாகப் பணம் செலுத்தி உறைவிட நிதிக்குப் பங்களிக்கும் முறையும் வந்தது. நிதி திரள்வது நல்லதே. ஆனால் அந்தப் பணத்தில் எங்கே வீடு கட்டப்படுகிறது என்பதுதான் ஊழியருக்கு முக்கியம்.

தூரம் தரும் பாடம்

2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. நகரின் நடுப்பகுதியிலிருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியேறின. தலைக்கு மேல் கூரை கிடைத்தது; வீட்டு வேலையும் சுமை வேலையும் தெருக் கடையும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பலர் வேலையை இழந்தனர். மற்றவர் நேரத்தையும் பஸ் கட்டணத்தையும் இழந்தனர். வீட்டின் விலையோடு பயணச் செலவையும் கூட்டினால்தான் அது மலிவு வீடா என்பது விளங்கும்.

நம் கடைகளில் இரவு கணக்கு முடித்து ஷட்டர் இறக்கும் வரை நிற்கும் ஊழியரும் இதே நிலையில்தான் இருக்கிறார். தொலைவில் குடியிருப்பவர் கடைசி பஸ்ஸை எண்ணி நிற்கிறார். சில மாதங்களில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை தேடிக்கொள்கிறார். பழகிய ஆளை இழப்பது நமக்கு நஷ்டம். நடந்து வரும் தூரத்தில் நூறு குடும்பங்கள் கூடினால், அது ஊழியருக்கு வீடு. நமக்கு அன்றாட வியாபாரம்.

நாம் செய்யக் கூடியவை

1. நம் கடை, கிடங்கு இருக்கும் சர்வே எண் எந்த வகையில் உள்ளது என்பதை அறிந்து வைத்துக்கொள்வோம். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது மேல்தளத்தில் சிறு வீடுகளுக்கு அனுமதி உண்டா என்று உரிமம் பெற்ற பொறியாளரிடம் முதலிலேயே கேட்போம்.

2. அடர்த்தி கூடும் தெருவில் குடிநீர், கழிவுநீர், சரக்கு இறக்குமிடம், வாகன நிறுத்தம் ஆகியவையும் கூட வேண்டும். மாடிகளை எதிர்ப்பதை விட இவற்றைக் கேட்டுப் பெறுவதே நமக்குப் பயன் தரும்.

3. இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. புதிய திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்து மூலம் தரச் சட்டம் இடம் தருகிறது. கடைத்தெருக்களை ஒட்டியே சிறு வீடுகள் வேண்டும் என்று, தெருவாரியாக, சர்வே எண்ணோடு சங்கத்தின் வழியாக மனுக் கொடுப்போம்.

காலக்கெடு முடிந்த பின் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடத்தில் இன்று விழும் கோடு, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நம் கல்லாவையும் நம் ஊழியரின் வீட்டையும் தீர்மானிக்கும்.