சிந்தசைசருக்குப் பலாப் பலகை போடப்போறியளோ?

எங்கட தம்பி பழைய சிந்தசைசர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தான். சத்தம் நல்லம்; ரெண்டு பக்கத்துப் பிளாஸ்ரிக்கும் வெடிச்சுப்போய்க் கிடந்தது. “மரம் போட்டால் சத்தம் இன்னும் இனிக்குமோ அக்கா?” எண்டான். இனிக்காது. வீணையில பலாக் குடம் சேர்ந்து அதிருது. சிந்தசைசரின்ர சத்தம் சேர்க்கிட்டில பிறந்து ஸ்பீக்கரால வருது. 1970இல வந்த மினிமூக், 1978இல வந்த புரொபெற்-5 எல்லாம் மரத்தோட வந்ததால அந்த வடிவில எல்லாருக்கும் ஒரு ஆசை. ஆசைப்படுங்கோ, மெஷினைக் கெடுக்காமல்.

கழருமோ எண்டு பாருங்கோ. பக்கத் துண்டு தனித் திருகாணியில நிண்டால்தான் இந்த வேலை. வீட்டுக் கீபோட்டுகள் பலதில பக்கம் தனியாக் கழராது. அதுகளுக்கு ஒரு மரத்தட்டு அடிச்சு உள்ளுக்கு வையுங்கோ, போதும்.

பிளக்கைக் கழட்டுங்கோ. சுவிச்சை நிப்பாட்டினால் காணாது. ஒவ்வொரு ஆணியும் இருந்த இடத்தைப் படமெடுத்து, முட்டைத் தட்டுக் குழியளில ஒழுங்காப் போடுங்கோ.

மரம். எங்கட கொடிகாமத்தில இருந்துகொண்டு பலாவுக்கு அலையத் தேவையில்லை. பச்சை மரம் வேண்டாம், வளையும். பழைய கதவு, கட்டில் துண்டு இருக்கோ எண்டு ஓடாவியாரைக் கேளுங்கோ. மஞ்சள் வைரத்தை எடுங்கோ. வெளிறிய ஓரம் உழுத்துப்போகும். மஞ்சள் நாள்போக்கில மண்ணிறமாகும்.

அச்சு. பழைய துண்டைக் காட்போட்டில வைச்சுக் கீறுங்கோ. காற்றுத் துவாரம், வயர் குத்துற இடம் எல்லாத்தையும் குறியுங்கோ. மரம் அதுகளை மூடக் கூடாது. இழை நீளவாக்கில ஓடட்டும்.

ஆணிக் கணக்கு. கவனம் வேணும். பழைய ஆணி 11 மில்லிமீற்றர், பிளாஸ்ரிக் தடிப்பு 3 எண்டால், உள்ளுக்குப் போனது 8. பலகை 12 மில்லிமீற்றர் எண்டால் 20 மில்லிமீற்றர் ஆணி. தலையைப் பதிச்சால் அந்த ஆழத்தைக் கழியுங்கோ. 25 போட்டால் 5 மில்லிமீற்றர் கூட இறங்கி சேர்க்கிட் போர்ட்டில குத்தலாம். புரியும் ஒண்டாயிருக்க வேணும். பழைய ஆணியைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கோ.

துளை. மார்கழி மழைக்கு மரம் ஊதும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். ஆணியைவிட 1 மில்லிமீற்றர் பெரிசாத் துளைச்சு வாசர் போடுங்கோ. றில் பிடிக்கிறது முற்றத்தில. மெஷின் அறைக்குள்ள மூடிக் கிடக்கட்டும். தூள் கீபோட்டுக் கட்டைகளுக்குள்ள போனால் பிறகு அழுகைதான்.

மினுக்கம். 120, 180, 240 எண்டு சாண்ட் பேப்பரை இழைவாக்கில தேயுங்கோ. வீட்டில நிறைய இருக்கெண்டு தேங்காயெண்ணெய் பூசாதேங்கோ. அது காயாது, தூசி அப்பும். லின்சீட் எண்ணெயை மெல்லிசாப் பூசி, மிச்சத்தைத் துடையுங்கோ. துடைச்ச துணியைச் சுருட்டி எறிஞ்சால் தானாச் சூடேறி நெருப்புப் பிடிக்கலாம். வெளியில விரிச்சுக் காயவிடுங்கோ. பலகை ஒட்டாமல் காய்ஞ்ச பிறகுதான் பூட்டுறது.

பழசை எறியாதேங்கோ. வெடிச்சாலும் அதுதான் சரியான அளவு. விக்கேக்க வாங்கிறவை கேப்பினம். தம்பியின்ரயை ஆணியளோட அரிசிப் பையில சுத்தி, அலுமாரிக்கு மேல வைச்சிருக்கிறன். அவனுக்குச் சொல்லேல்லை, சொன்னால் எங்கயாவது துலைச்சுப்போடுவான்.