காதற் கருத்தும் கதைமாந்தர் பண்பும்

"பாத்திரப் பண்பை விளக்குக" என்பது தேர்வுகளில் நாம் அடிக்கடி காணும் வினா. பொறுமையுடையவர், அன்புடையவர், வீரமிக்கவர் என்று அடுக்கி விடையெழுதிவிடுகிறோம். கதைமாந்தரை அறிய இதனினும் நல்லதோர் உரைகல் உண்டு. அவர் காதலைப் பற்றி என்ன கருதுகிறார்? அதனை யாரிடம் கூறுகிறார்? எதனைக் கூறாது விடுகிறார்? இம்மூன்றையும் கேட்டால் அவருடைய ஆசையும் அச்சமும் ஒருங்கே புலனாகும். சில சான்றுகளைக் காண்போம்.

அகப்பாடலில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. குறுந்தொகை 40-ஆம் பாடலில், தம் இரு குடும்பங்களுக்கும் முன்பு உறவேதும் இல்லையாயினும் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான் தலைவன். பெயரற்றவன் கூறுவதால் அது காதலர் அனைவர்க்கும் பொதுவாகிறது. அவன் எவ்வூரான், எக்குலத்தான் என நாம் கேட்பதில்லை.

சிலப்பதிகாரத்தில் பெயர் வருகிறது; பெயரோடு தனிப்பண்பும் வருகிறது. கானல்வரியில் கோவலன் பாட, அவன் மனம் வேறொருத்தியை நாடியதென எண்ணிய மாதவி, தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகிறாள். அவளுக்குக் காதல், ஊடிப் பின் கூடும் உறவு. அவனுக்கோ, ஐயம் தோன்றியவுடன் அறுந்துவிடும் கயிறு. ஆகவே அன்றே பிரிந்து செல்கிறான். கணவனை மீண்டும் பெறக் காமவேள் கோட்டத்தில் வழிபடலாம் என்று தோழி தேவந்தி கூறியபோது, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். பின்னர்ப் பாண்டியன் அவையில் சிலம்போடு நிற்கப் போகிறவளின் நிமிர்வு அம்மறுப்பிலேயே தெரிகிறது.

இனி நம் காலத்துப் புதினம் ஒன்றைக் காண்போம். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013-இல் வெளிவந்தது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், வேறு சாதிப் பெண்ணான சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். நாளடைவில் எல்லாம் சரியாகிவிடும் என்பதே அவன் கருத்து. அவன் கூறாது விடுவது அவளுடைய சாதியை. அன்பு மெய்யானதே, ஆயினும் உண்மையை எதிர்கொள்ளத் தயங்கும் மனம் இம்மௌனத்தில் வெளிப்படுகிறது. சரோஜாவின் காதல், ஒருவனையே உலகமாக நம்பி வந்த காதல். அவன் அருகில் இல்லாத பொழுதெல்லாம் அவளுக்குத் துணையில்லை. தாய் மாராயிக்கோ அக்காதல், கைம்பெண்ணாய்த் தனித்து வளர்த்த மகனைக் களவு கொடுத்த துயரம். உயிரோடிருக்கும் மகனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். அவளது கொடுமைக்கு அடியில் தனித்துவிடப்படும் அச்சம் இருக்கிறது. ஊராரோ காதலைத் தீட்டெனக் கருதுகின்றனர். இறுதியில் சரோஜா ஒளிந்திருக்கும் முட்புதருக்கே தீ வைக்கின்றனர்.

இப்புதினம் நம் மாவட்டத்து இளைஞர் ஒருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவர் சாதி கடந்து மணந்தவர். பெண்ணின் தந்தை இறந்ததையடுத்து, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. 2013 சூலைத் திங்களில் தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறமுள்ள இருப்புப்பாதை அருகே அவ்விளைஞர் இறந்து கிடந்தார். நல்லம்பள்ளி முதலிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இது கதையளவில் நின்றுவிடும் செய்தியா?

பூக்குழியில் ஊரும் ஒரு கதைமாந்தரே. யார் யாரைக் காதலிக்கலாம் என்று தீர்ப்புரைக்கும்போது அவ்வூர் அந்த இருவரைப் பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை; தன் பண்பைத்தான் சொல்லிக்கொள்கிறது. கோவலனின் ஐயம் கோவலனைக் காட்டியதும் இவ்வாறே. வீட்டுத் திண்ணையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பிறர் காதலைப் பற்றி நாம் உதிர்க்கும் சொற்களுக்கும் இவ்விதி பொருந்தும். கதைமாந்தரிடம் கேட்ட அம்மூன்று வினாக்களையும் நம்மிடமும் கேட்டுப் பார்த்தல் நன்று.