முதல்ல பேரை முடிவு பண்ணு தங்கச்சி

தங்கச்சி, பேப்பர் அச்சாகிவிட்டது என்று நீ போனில் சொன்ன அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். மூன்றாம் நாளே "அக்கா, ஒரு சைட்டேஷன்கூட வரலையே" என்று குரல் கம்மக் கேட்டாய். இப்போதைக்கு வராது. ஒருவர் உன் பேப்பரைப் படித்து, தன் ஆய்வை எழுதி, ஜர்னலுக்கு அனுப்பி, அது ரிவியூ தாண்டி அச்சேற ஒன்றிரண்டு வருஷமாவது பிடிக்கும். அதுவரை கூகுள் ஸ்காலரைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்காதே. செய்ய வேலை நிறைய இருக்கிறது. பொதுச் சுகாதாரத் துறையில் பல வருஷம் அலைந்து நான் தாமதமாகத் தெரிந்துகொண்டதை உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை உன் பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஜர்னலின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக் கேட்கும். என் முதல் பேப்பரில் அப்பாவின் இனிஷியல் போட்டேன். அடுத்ததில் அப்பாவின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்தேன். அதனால் அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் அப்பா எழுதியதாகத்தான் காட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அத்தானின் இனிஷியல். நான் ஒருத்தி எழுதியது தரவுத்தளத்தில் மூன்று பேர் எழுதியதாகப் பிரிந்து கிடந்தது. வேலைக்கு விண்ணப்பித்தபோது என் சைட்டேஷன்களில் பாதிக்கு மேல் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் அடுத்த பேப்பர் அனுப்பும் முன் ஒரு வடிவத்தை முடிவு பண்ணு. கல்யாணமானாலும் அதை மாற்றாதே. ஆதார் அட்டையில் எப்படி இருந்தாலும் சரி, பேப்பரில் ஒரே பெயர். அடுத்து ஆர்கிட் எண் வாங்கிக்கொள். 2012 முதல் ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், பதினாறு இலக்கம். பெயர் எப்படிப் பிரிந்தாலும் அந்த எண் உன்னுடையதை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கும். ஸ்காலர் ப்ரொஃபைலும் திறந்து வை, ஆனால் புதுப் பேப்பர்களைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிடு. உன் பெயரும் இனிஷியலும் உள்ள வேறொருவர் எழுதியதை அது உன் கணக்கில் ஏற்றிவிடும். அடுத்தவர் உழைப்பு நமக்கு வேண்டாம். நிறுவனத்தின் பெயரையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுது.

ஹெச்-இண்டெக்ஸ் பற்றிக் கேட்டாய். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஹார்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த கணக்கு அது. குறைந்தது 12 சைட்டேஷன் பெற்ற பேப்பர்கள் உன்னிடம் 12 இருந்தால் உன் எண் 12. இது ஏறும், இறங்காது. வயதானவர்களுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஆகவே ஓய்வு பெறப்போகும் பேராசிரியரின் எண்ணை உன் எண்ணோடு ஒப்பிட்டு மனசு உடையாதே. நம் துறையில் இன்னொன்றும் உண்டு. உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரி பெரிய கூட்டாய்வுகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், சைட்டேஷனும் ஆயிரக்கணக்கில் வரும். அதில் ஒருவராக இருப்பவரின் எண்ணும், மழையில் நனைந்து வீடுவீடாகப் போய்த் தனியாக ஒரு சர்வே எடுத்தவரின் எண்ணும் ஒரே தராசில் நிற்காது. ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டர் உன் பேப்பருக்கான மார்க்கே அல்ல. அந்த ஜர்னல் முந்தைய இரண்டு வருஷம் போட்ட கட்டுரைகளுக்கு இந்த வருஷம் சராசரியாக எத்தனை மேற்கோள் வந்தது என்பதுதான் அது. அதை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஜர்னல் எடிட்டர்களும் பதிப்பாளர்களும் ஒரு பிரகடனமே எழுதினார்கள். நேர்காணலில் யாராவது இம்பாக்ட் ஃபாக்டர் கேட்டால் சொல். கூடவே உன் ஆய்வு எதைக் கண்டது என்பதையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்.

சைட்டேஷன் வரும்படி எழுதுவது எப்படி என்றால், அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுது. தலைப்பிலேயே ஊர், வருஷம், ஆய்வு வகை மூன்றும் வரட்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து மெட்டா அனாலிசிஸ் செய்பவர்கள் தலைப்பையும் அப்ஸ்ட்ராக்டையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 18 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அவர்களுக்கு உபயோகமில்லை. எத்தனை பேரில் எத்தனை பேர், ஆண் பெண் தனித்தனியாக, வயதுவாரியாக அட்டவணை போடு. அளந்த கருவி எது, எத்தனை தடவை அளந்தாய் என்றும் எழுது. இந்த மாதிரி ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் பண்ணு. நல்ல ஃபீல்டு வேலை செய்து, எத்தனை பேரில் என்ற கீழ் எண்ணைக் கொடுக்காததால் மட்டுமே தொகுப்பாய்விலிருந்து விழுந்துபோன பேப்பர்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிக முக்கியம். மேற்கோள் காட்டும் ஒவ்வொன்றையும் மூலத்தைத் திறந்து படித்த பிறகே காட்டு. 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தவர்களில் அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேருக்கு மட்டுமே அந்தப் பழக்கம் வந்தது என்றது அது. அவ்வளவுதான். 2017-இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கடிதத்தை 608 இடங்களில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் 72 சதவீதம் இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்குச் சாட்சியாக. நோயாளிகள் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் என்ற விஷயத்தை 80 சதவீதம் பேர் சொல்லவே இல்லை. மாதக்கணக்கில் வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்ப அது துணைபோனது. அமெரிக்காவில் அதற்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று உனக்கே தெரியும். 608 என்பது நம் துறையில் யாரும் ஆசைப்படும் எண். ஆனால் அந்தக் கடிதத்தின் தலைமாட்டில் இன்று ஜர்னலே எச்சரிக்கைக் குறிப்பு போட்டு வைத்திருக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998 பேப்பரும் அப்படித்தான். பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதியது, 2010-இல் லான்செட் திரும்பப் பெற்றது. அதற்கும் மேற்கோள்கள் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவை தவறு என்று காட்டுவதற்காக.

இதற்கு நேர்மாறான உதாரணத்தை நம்மூரிலேயே பார். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப்போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. இன்னொரு பிரிவுக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே அதே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்படவும், நோயாளிகள் குடும்பத்தோடு இருந்தே குணமாகவும் அது வழி திறந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் 1959-இல் வந்த அந்தப் பேப்பரைத் தேடி எடுத்துப் பார். ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கும். யாருடைய ஹெச்-இண்டெக்ஸிலும் அது ஏறவில்லை. நான் ஒவ்வொரு புது ஆய்வு தொடங்கும்போதும் அந்த முதல் பக்கத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

1971-இல் பங்களாதேஷ் அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலராவுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்த டாக்டர் திலீப் மகலனாபிஸையும் நினைத்துக்கொள். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அந்த அமளியிலும் அவர் கணக்கு வைத்திருந்தார். அதனால்தான் 1973-இல் எழுத முடிந்தது. அது வந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னல் பின்னால் நின்றே போய்விட்டது, கரைசல் நிற்கவில்லை. வெள்ளமோ டெங்குவோ, ஃபீல்டில் இறங்கினால் நீயும் அன்றன்றைய எண்ணிக்கையை அன்றன்றே எழுதிவை.

ஆசிரியர் பட்டியல் விஷயத்தை டேட்டா எடுக்கும் முன்பே பேசி முடித்துவிடு. சர்வதேச மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். என் ஆரம்ப காலத்தில் ஓர் இடத்தில் எட்டு மாதம் கிராமங்களில் அலைந்து டேட்டா சேர்த்தேன், பேப்பரில் என் பெயர் நன்றியுரையில் இருந்தது. கேட்கத் தெரியவில்லை. நீ மீட்டிங் முடிந்ததும் யார் முதல், யார் கரஸ்பாண்டிங் என்று எல்லாருக்கும் மெயில் போட்டுவிடு, மரியாதையாகவே. அதே மாதிரி, உனக்குக் கதவு தட்டிக் கொடுத்த கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் விடாதே. அவர்கள் சம்மதித்தால் நன்றியுரையில் பெயரோடு போடு.

"மதிப்பிற்குரிய மேடம்" என்று ஆரம்பித்து மூன்று நாளில் அச்சிட்டுத் தருகிறோம் என்று வரும் மெயில்களுக்குப் பதில் போடாதே. பொது சுகாதாரத்தில் உருப்படியான ரிவியூ மூன்று நாளில் முடியாது. எடிட்டர் குழுவில் உள்ள ஒருவருக்கு நேராக மெயில் எழுதி, உண்மையில் இருக்கிறாரா என்று கேள். கட்டணம் எவ்வளவு என்பதையும், சலுகை உண்டா என்பதையும் அனுப்பும் முன்னாலேயே விசாரி. பேப்பர் ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் மாதிரி காசே வாங்காத நல்ல ஜர்னல்களும் உண்டு. ரிவியூவர் தன் பேப்பர்களையே வரிசையாக மேற்கோள் காட்டச் சொன்னால், பொருந்துவதை மட்டும் சேர்த்து, மற்றதற்குக் காரணம் சொல்லி எடிட்டருக்கு எழுது. பயப்படாதே.

அச்சான பேப்பரைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, டேட்டா எடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீயே போய்க் கொடு. மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. ஏதாவது வழிகாட்டுக் குறிப்பிலோ பயிற்சிக் கையேட்டிலோ உன் ஆய்வின் எண் வந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து ஃபைலில் வைத்துக்கொள், ஸ்காலர் அதைப் பெரும்பாலும் எண்ணாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்கிட் எண் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பு. தமிழ்ப் பக்கம் எழுதும்போது கூப்பிடு. "ப்ரிவலன்ஸ்" என்பதைச் செவிலியருக்குப் புரியும்படி எப்படி எழுதலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.