தட்டானின் பெயர் என்ன?

மழை ஓய்ந்த மாலையில் மைதானத்தின் மேல் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பறப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பர் பெரியோர். சிறுவரோ அதன் வாலில் நூலைக் கட்டிக் கல்லைத் தூக்கச் செய்து விளையாடுவர். ஆனால், "அது எந்தத் தட்டான்?" என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே. காக்கையையும் குயிலையும் பிரித்தறியும் நாம், உலகில் 6,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ள இப்பூச்சி இனத்தை ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். தட்டான்களைக் கொல்லாமலும் துன்புறுத்தாமலும் படம் பிடித்து, அவற்றின் பெயரை அறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரு பெரும் பிரிவுகள்

டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாப்ரீசியஸ் 1793-ஆம் ஆண்டில் இவ்வினத்துக்கு 'ஒடோனேட்டா' என்று பெயரிட்டார். பல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வலிய தாடைகளால் கொசு முதலிய பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை இவை.

இவற்றுள் தட்டான், ஊசித்தட்டான் என இரு பெரும் பிரிவுகள் உண்டு. தட்டானின் உடல் தடித்தது. அமரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்தே வைத்திருக்கும். பின்சிறகு அடிப்பகுதியில் அகன்றிருக்கும். ஊசித்தட்டானின் உடல் பெயருக்கேற்ப மெலிந்தது. நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே வடிவின. பெரும்பாலும் அவற்றை முதுகின்மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும். தட்டான்கள் பலவற்றின் கண்கள் தலையுச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஊசித்தட்டானின் கண்களோ தலையின் இரு பக்கங்களிலும் விலகி நிற்கும். சிறகை விரித்தே அமரும் ஊசித்தட்டான்களும், கண்கள் விலகிய தட்டான்களும் உண்டு. ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது.

வலையும் ஊசியும்

முன்னாளில் பூச்சிகளை அறிய விரும்பியோர் வலையால் பிடித்து, கொன்று, ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தனர். இந்திய மருத்துவப் படையில் பணியாற்றிய ஃபிரேசர் என்னும் ஆங்கிலேயர் இவ்வாறு சேகரித்து ஆராய்ந்தவர். நம் நாட்டுத் தட்டான்களைப் பற்றி அவர் 1933, 1934, 1936-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகள் இத்துறைக்கு அடிப்படை நூல்களாக விளங்குகின்றன. எனினும் தட்டான் இறந்ததும் அதன் கண்ணின் ஒளியும் உடலின் நிறமும் விரைவில் மங்கிவிடும். உயிருள்ளபோது எடுத்த படமோ அந்நிறத்தை அப்படியே காத்து வைக்கும். இதற்கு விலையுயர்ந்த கேமரா கட்டாயமன்று. வீட்டிலுள்ள கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதும்.

படம் பிடிக்கும் முறை

1. காலை இளவெயிலில் செல்க. குளிர்ந்த உடலுடைய தட்டான் எளிதில் பறக்காது.

2. வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். ஆனால் உங்கள் நிழல் அதன்மேல் விழலாகாது, விழுந்தால் பறந்துவிடும்.

3. ஒவ்வோர் அடியாக மெல்ல நெருங்குக. பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். பல தட்டான்கள் அமர்ந்த குச்சிக்கே திரும்பி வரும். அசையாமல் காத்திருங்கள்.

4. ஒரு படத்தோடு நிறுத்தாதீர். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிறகு தெளிவாகத் தெரிய ஒன்று, வால்நுனி தெரிய ஒன்று என எடுக்க வேண்டும். மார்பின் பக்கத்திலுள்ள கோடுகளும், சிறகின் முன்விளிம்பிலுள்ள சிறு புள்ளியும், வால்நுனியின் கொடுக்குப் போன்ற உறுப்புகளுமே பெயரைக் காட்டிக்கொடுப்பவை.

5. நாள், நேரம், இடம், நீர்நிலையின் வகை, அது அமர்ந்த விதம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.

6. மினுமினுக்கும் மெல்லிய சிறகுடன் அமர்ந்திருப்பது அப்போதுதான் தோலுரித்து வெளிவந்ததாகும். அதைத் தொட்டால் சிறகு சிதையும்.

குளத்தங்கரைக்குத் தனியே செல்லாமல் பெரியவர் ஒருவருடன் செல்வது நன்று.

நிறத்தை நம்பலாமா?

நிறம் பல வேளைகளில் நம்மை ஏமாற்றும். 'குரோகோதெமிஸ் செர்விலியா' என்னும் தட்டானின் ஆண் செக்கச் சிவந்தது; அதன் முதுகில் வால்வரை ஒரு மெல்லிய கருங்கோடு ஓடும். 'டிரைதெமிஸ் அரோரா'வின் ஆணும் சிவப்பே. ஆனால் இளஞ்சிவப்புச் சாயலுடையது. சிறகின் நரம்புகளும் சிவந்திருக்கும். இவ்விரண்டின் பெண்களோ மஞ்சளும் பழுப்புமானவை. இளம் ஆண்களும் தொடக்கத்தில் பெண்களைப் போன்றே இருக்கும்.

மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் பொன்னிறத் தட்டான் பெரும்பாலும் 'பான்டாலா ஃபிளேவசென்ஸ்' ஆகும். அது கிளையில் தொங்கியவாறு ஓய்வெடுக்கும். இது மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை செல்கிறது என்னும் கருத்தைச் சார்லஸ் ஆண்டர்சன் என்னும் அறிஞர் 2009-இல் வெளியிட்டார். மஞ்சள் வயிறுடைய ஊசித்தட்டான் ஒன்றின் பெயர் 'செரியாக்ரியன் கோரமண்டலியானம்'. நம் சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே அது தாங்கி நிற்கிறது!

படத்தில் வேண்டிய அடையாளங்கள் தெரியாவிட்டால் ஊகித்துப் பெயர் எழுதாதீர்கள். "சிவப்புத் தட்டான், வகை தெரியவில்லை" என்று எழுதுவது தவறான பெயரைவிட மேலானது.

பெயர் எதற்கு?

"பெயர் தெரிந்து என்ன பயன்?" என்று சில தோழியர் வினவலாம். தட்டானின் இளம்பருவம் முழுவதும் நீரில் கழிகிறது. அங்கே அது கொசுப்புழுக்களைத் தின்று வளர்ந்து, இறுதியில் செடியொன்றில் ஏறித் தோலுரித்துப் பறக்கிறது. செடியில் ஒட்டியிருக்கும் அத்தோலையும் படம் பிடியுங்கள். பறக்கும் தட்டான் வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். தோலோ அந்நீரிலேயே அது வளர்ந்தது என்பதற்குச் சான்றாகும்.

தட்டான் இருந்தால் நீர் தூயது என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. ஆரஞ்சு நிறச் சிறகுடைய 'பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா' சாக்கடை கலந்த நீரிலும் வாழும். தெளிந்த ஓடையின்றி வாழ இயலாத வகைகளும் உள்ளன. ஆகவே, எத்தனை தட்டான்கள் பறக்கின்றன என்பதைவிட, எவ்வகைத் தட்டான்கள் பறக்கின்றன என்பதே முக்கியம். பலவகைகள் இருந்த குளத்தில் சாக்கடைத் தட்டான் மட்டும் எஞ்சினால், அக்குளத்துக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்டாக வேண்டும். ஆண்டுதோறும் பெயர்களை எழுதி வைத்திருப்பவரே அவ்வாறு கேட்க முடியும்.

படைப்புகளை உடன்பிறப்புகளாகப் போற்றிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைச் சூழலியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-ஆம் ஆண்டில் அறிவித்தார். உடன்பிறந்தாரின் பெயரை அறியாதார் உண்டோ? எனவே தோழியரே, தட்டானின் வாலில் கட்டும் நூலை எறிந்துவிட்டுக் குறிப்பேட்டைக் கையில் எடுப்போம்! நம் ஊர்க் குளத்துத் தட்டான்களின் பட்டியலை இவ்வாண்டே தொடங்குவோம்!