அல்சேஷன் நாயைக் குடும்பத்தோடு பழக்குதல்

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறிக் கரியாலூர் சென்றால், மரவள்ளிக்கும் சாமைக்கும் நடுவே தனித்து நிற்கும் வீடுகளைக் காணலாம். இத்தகைய வீட்டில் குடியிருக்கும் உழவர், ‘நல்ல சாதி நாய் ஒன்று இருந்தால் காவலுக்கு ஆகுமே’ என்று எண்ணுவது இயல்பு. அப்போது முதலில் வாயில் வரும் பெயர் அல்சேஷன். வாங்குமுன் அதன் பிறவிக் குணத்தை அறிந்துகொள்வது நலம். இந்நாயால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வளர்ப்பின் குற்றமே.

அல்சேஷனும் ஜெர்மன் ஷெப்பர்டும் ஒன்றே. முதல் உலகப் போருக்குப் பின், ஜெர்மனி என்ற பெயரை விரும்பாத ஆங்கிலேயர் வைத்த பெயர் அல்சேஷன். 1977இல் அவர்களே பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டனர். நம் ஊரில் அது நிலைத்துவிட்டது. ஷெப்பர்டு என்றால் ஆட்டிடையர். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஹோரண்ட் என்ற ஆண் நாயை வாங்கி, அதை மூலமாகக் கொண்டு இந்த இனத்தை உருவாக்கினார். ஜெர்மனியில் வேலியற்ற வயல்களுக்கு இடையே ஆடு மேய்ப்பர். ஆடுகள் பயிரில் வாய் வைக்காதபடி வரப்போரமாக நாள் முழுதும் போய்வருவது நாயின் வேலை. நடமாடும் வேலி என்றே சொல்லலாம்.

அதன் குணம் முழுவதும் இந்த வேலையிலிருந்து வந்தது. எல்லையைச் சுற்றி வரும். புதிதாக நுழைவதை உடனே கவனிக்கும். ஓடுவதைத் துரத்தி மடக்கும். மடக்க ஆடு இல்லாத வீட்டில் என்ன செய்யும்? ஓடி விளையாடும் குழந்தையை மடக்கும், கணுக்காலைக் கவ்வும். இதைக் கண்டு ‘கடிநாய்’ என்று தடியெடுப்பவர் பலர். அடிபட்ட குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: குழந்தை ஓடினால் தனக்கு அடி விழும். பிறகு அது குழந்தையைக் கண்டாலே உறுமும். அடிப்பதற்குப் பதிலாக விளையாட்டை நிறுத்தி, குழந்தையை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். குட்டியைப் பெயர் சொல்லி அழைத்து, கவ்வுவதற்குப் பழந்துணி முடிச்சு ஒன்றைக் கொடுங்கள். குழந்தைகளும் பழக வேண்டும்: தின்னும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சிறு குழந்தையைத் தனியே அதனிடம் விட்டுச் செல்லாதீர்கள்.

பழக்கும் காலம்

குட்டியின் மனம் திறந்திருப்பது மூன்றாவது வாரம் முதல் சுமார் பதினான்காவது வாரம் வரைதான். அப்போது கண்டு பழகியவற்றை நாய் வாழ்நாள் முழுதும் அஞ்சாது. எட்டு வாரத்திற்கு முன் தாயைப் பிரிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் பால்காரர், தலைச்சுமையோடு வருபவர், குடை பிடித்தவர், பேருந்தின் ஓசை, கோழி, ஆடு ஆகிய எல்லாவற்றையும் அது காண வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக் காட்டலாம்.

‘வா’, ‘உட்கார்’, ‘விடு’ ஆகிய மூன்று சொற்கள் போதும். ஆனால் அப்பா ‘வா’ என்றும் அண்ணன் ‘கம்’ என்றும் அழைத்தால் நாய் இருவரையும் கவனிக்காது. தீனிக்கு முன், பசியோடு இருக்கும்போது, ஐந்து நிமிடம் பழக்குங்கள். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே சிறு துண்டு இறைச்சி கொடுங்கள்.

‘பகலெல்லாம் கட்டிப்போட்டால்தான் இரவில் உக்கிரமாகக் காவல் காக்கும்’ என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். இது பெருந்தவறு. நாள் முழுதும் நடக்கப் பிறந்த நாய் சங்கிலியில் கிடந்தால் காரணமின்றிக் குரைக்கும், அவிழ்த்தவுடன் எதிர்ப்பட்டவரைக் கடிக்கும். விருந்தாளி யார், திருடன் யார் என்று பிரித்தறிய அது குடும்பத்தோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் கயிற்றில் பிடித்து வரப்போடு நடத்துங்கள். தின்றவுடன் ஓடவிடாதீர்கள், வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். விளையாட்டாகப் பல் பட்டாலும் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். சுண்ணாம்போ மஞ்சளோ வைக்க வேண்டாம்.

மரவள்ளியைக் கிளறும் காட்டுப் பன்றிக்காக இந்நாயை வாங்குவது வீண் செலவு. பன்றியின் கோரைப் பல்லுக்கு முன் எந்தச் சாதி நாயும் நிற்காது. மேலும் காட்டு விலங்கின் மேல் நாயை ஏவுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாகும். ஆள் வரவை அறிவிக்க மட்டும் வேண்டுமென்றால் நம் நாட்டு நாயே போதும். தீனிச் செலவும் குறைவு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், குட்டியைப் பார்க்குமுன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் ஆளைக் கண்டு பதுங்கினாலோ, சீறிப் பாய்ந்தாலோ விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பிவிடுங்கள். இவ்வினத்தில் இடுப்பு மூட்டு நோய் பரம்பரையாக வரும். ஆகவே தாய் நடக்கும்போது பின்னங்கால்கள் தள்ளாடுகின்றனவா என்றும் கவனியுங்கள். பெற்ற நாய்களுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.