சப்பாத்தின் குதி உயர்ந்தது ஏன்?

நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களுட் பல, அவற்றின் உருவத்துக்குக் காரணம் யாதென்று ஒருமுறையேனும் நம்மால் வினவப்படாதவை. காலில் அணியும் சப்பாத்து அத்தகையது. மனிதனது அடி தட்டையாக அமைந்திருக்கிறது. அங்ஙனமிருக்க, அதனை மூடும் சப்பாத்து மட்டும் பின்புறத்தில் உயர்ந்து நிற்பானேன்? இது சிறு வினாவெனினும், இதற்கு விடை தேடிச் செல்வார் உடலியலையும் வரலாற்றையும் கடந்து, ஈற்றில் ஊவாவின் தேயிலை மலைகளுக்கே வந்து சேர்வர். ஆதலின் விழா மலரிலே இதனை ஆராய்வது பொருத்தமென எண்ணுகின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். சப்பாத்து என்பது தமிழ்ச் சொல்லன்று. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் மொழியில் வழங்கும் 'சப்பாத்தோ' என்னும் சொல்லே தமிழிற் சப்பாத்து எனவும், சிங்களத்திற் 'சபத்து' எனவும் நிலைபெற்றது. இதனால், கால் காக்கும் வழக்கத்தையே அந்நியர் நமக்குக் கற்பித்தனர் என்று கொள்ளுதல் தவறாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வணிகர் அணிந்த 'அடிபுதை அரணம்' பற்றிக் கூறுகின்றது. அடியைப் புதைத்து நிற்கும் அரண் என்பது அதன் பொருள். அந்நூலே, ஆநிரை மேய்ப்பானது காலிலே செருப்பு அழுந்திய வடுவையும் காட்டுகின்றது. வழிச்செல்வோருக்கும் உழைப்போருக்கும் உரியதாகவே பழந்தமிழர் காலணியைக் கண்டனர் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அவற்றிற்கு உயர்ந்த குதி இருந்ததாகச் சான்றில்லை. துறவியர் அணிந்த பாதக்குறடு மரத்தால் உயர்த்தப்பட்டதே. எனினும் அது முன்னும் பின்னும் ஒருங்கே உயர்ந்தது. பின்புறம் மாத்திரம் உயர்தல் வேறொரு தேவையாற் பிறந்தது.

அத்தேவை யாது? குதிரையேற்றம். குதிக்கும் குதிரைக்கும் சொல்லுறவு எவ்வாறாயினும், வரலாற்றுறவு உறுதி. பாரசீக நாட்டுக் குதிரைவீரர், ஓடும் குதிரையின்மேல் அங்கவடியில் ஊன்றி எழுந்து நின்று அம்பெய்தனர். அடி தட்டையான காலணியாயின், பாதம் அங்கவடியினூடே வழுக்கி அப்பாற் சென்றுவிடும். வீரன் தவறி விழுந்தால், கால் சிக்குண்டு குதிரையால் இழுத்துச் செல்லப்படுவான். பின்புறத்தில் ஒரு கட்டை இருப்பின், அங்கவடி அதன் முன்விளிம்பிலே தங்கிவிடும். ஆகவே குதி என்பது அழகுக்காகத் தோன்றியதன்று. உயிர் காக்கத் தோன்றியது.

1599 இல் பாரசீக மன்னர் முதலாம் அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். பாரசீகப் பாங்கில் மேனாட்டார் விருப்புக்கொண்ட அக்காலத்தையொட்டி, குதியுயர்ந்த சப்பாத்து அங்கே பெருமக்களின் கோலமாயிற்று. பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயியின் ஆட்சியிலே (1643 - 1715) செந்நிறக் குதி அரசவையாரின் அடையாளமாய் விளங்கியது. உயர்ந்த குதியணிந்து சேற்றிலே உழ முடியாது. சுமை தூக்கி நெடுவழி நடக்கவும் இயலாது. 'யான் உழைக்க வேண்டாதவன்' என்பதே அக்குதி உலகுக்கு உரைத்த செய்தி. உயிர்க்காவலாய்ப் பிறந்த பொருள் உயர்குலச் சின்னமாய் மாறிய வரலாறு இது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடவர் உயர்குதியைக் கைவிட, அது பெரிதும் பெண்டிர்க்குரியதாயிற்று.

நிற்க, உடலியல் கூறுவதைக் கேட்போம். ஒரு பாதத்திலே 26 எலும்புகள் உள. அவற்றுள் பெரியது குதியெலும்பே. நடக்கையில் நிலத்தை முதலில் தாக்குவது பெரும்பாலும் குதியாதலால், சப்பாத்தில் முதலில் தேய்வதும் அப்பகுதியே. அதனைத் தனித் துண்டாக அமைத்தால், தேய்ந்தபோது அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரும்பு லாடம் அடிப்பதும் இக்கருத்துப் பற்றியே. மலைச்சரிவில் இறங்கும்போது குதியின் முன்விளிம்பு மண்ணிற் பதிந்து, வழுக்காது தடுக்கின்றது. ஏறும்போது கணைக்கால் மிகுதியாக மடங்கவேண்டிய வருத்தத்தைக் குறைக்கின்றது. இவையெல்லாம் தாழ்ந்து அகன்ற குதியின் நன்மைகள். குதி மிகவுயரின் உடற்பாரம் முன்பாதத்திற் சாய்கின்றது; விரல்கள் நெரிபடுகின்றன; நாள்தோறும் அணிவார்க்குக் கெண்டைக்காற் தசை குறுகுகின்றது; சரிவில் இறங்குவார் தலைகுப்புற விழவும் நேரும். அளவோடு நின்றால் துணை, அளவு கடந்தால் பகை.

இனி நமது மலைகளுக்கு வருவோம். கோப்பிக் காலத்திலே தோட்டத் துரைமார் குதிரைமீது மலை சுற்றினர். ஆதலின் அவர்தம் பூட்ஸ், குதிரைவீரனின் குதியை உடையதாயிருந்தது முறையே. அவர்களது காணிகளிலே உழைக்க வந்த நம் முன்னோர் எவ்வாறு வந்தனர்? மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை வெறுங்காலால் நடந்து கடந்தனர். காய்ச்சலாலும் கொள்ளைநோயாலும் வழியிலே மாண்டோர் பலர். ஊவாவுக்கு வந்தோர், அதன்பின் மலைகளையும் ஏறிக் கடந்தனர். பதுளை வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1924 இலேதான். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிய, தேயிலை வந்தது. பயிர் மாறியும் வெறுங்கால் மாறவில்லை. தாய்நாட்டிற் சாதியின் பேரால் செருப்பு மறுக்கப்பட்டிருந்த மக்களும் அவர்களுள் இருந்தனர். கடல் கடந்தும் அக்கால்களுக்கு அரண் கிட்டவில்லை.

வெறுங்காலுக்கும் ஒரு திறன் உண்டென்பதை மறுக்கமாட்டோம். மழையில் நனைந்த களிமண் சரிவிலே, விரல்களை விரித்து மண்ணைப் பற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கும் தாய்மாரின் நடை, எந்தச் சப்பாத்துக்கும் எளிதில் வாய்ப்பதன்று. எனினும் அத்திறனுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அட்டையும் கல்லும் முள்ளும் கண்ணுக்குத் தெரிந்த பகை. தெரியாத பகை கொக்கிப்புழு. மலத்தினால் மாசுற்ற ஈரமண்ணில் வளரும் இதன் குடம்பி, விரலிடுக்கின் மென்தோலைத் துளைத்து உட்புகும். குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிலே தங்கிக் குருதியை உறிஞ்சும். இப்புழு தோல் வழியே புகும் என்பதை ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் 1898 இல் வெளியிட்டார். நிழலும் ஈரமும் வெப்பமும் கூடிய தோட்டமண் அதற்கு வாய்ப்பான உறைவிடம். 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே இந்நோய்க்கெதிராக இயக்கந் தொடங்கினர். மருந்து கொடுத்ததோடு அமையாது, மலகூடங்கள் அமைக்கவேண்டுமென்றும் வற்புறுத்தினர். மருந்துண்டவர் மீண்டும் மாசுற்ற மண்ணில் வெறுங்காலோடு நடப்பின் நோய் மீளுமன்றோ? குருதி குன்றிச் சோர்ந்தவனைச் 'சோம்பேறி' என்று ஏசினோர், அச்சோர்வு அவன் காலின் வழியே புகுந்ததென அறிந்திலர்.

நாம் சைவ மரபினர். கோயில் வாயிலிலே காலணியைக் கழற்றி வைப்பவர். பரதன் அரியணையேற்றியதும் இராமனது பாதுகையையே அன்றோ? ஆயினும் ஒன்றை மாணவர் தெளிதல் வேண்டும். கழற்றி வைத்து வணங்குவது பக்தி. கழற்றுதற்கு ஒன்றுமின்றி நிற்பது வறுமை. முன்னதைப் போற்றுவோம், பின்னதைப் பண்பாடென்று புகழாதிருப்போம்.

இன்று ஊவாத் தோட்டங்களில் இறப்பர் செருப்பு பெருவழக்காயிருக்கிறது. அது மண்ணினின்று ஓரளவு காக்கும். ஆனால் அதிற் குதிப்பிடிப்பும் இல்லை, பின்கட்டும் இல்லை. ஈரச் சரிவில் அது காலைவிட்டுக் கழன்றோடும். ஆதலால் மலையேறும்போது அதனைக் கையிலே தூக்கிச் செல்வாரும் உளர். மலையுழைப்புக்கு வேண்டுவது தாழ்ந்து அகன்ற குதியும், பள்ளம் வெட்டிய அடியும், கணைக்காலை மூடும் உயரமும் உடைய இறப்பர் பூட்ஸ். கவ்வாத்துக் கத்தி பிடிப்பார்க்கும் மருந்து தெளிப்பார்க்கும் அஃது இன்றியமையாதது.

பழைய மாணவ அன்பர்காள்! உங்களுள் தோட்ட உத்தியோகத்தராய் இருப்போரும், தொழிற்சங்கங்களிலே பொறுப்பு வகிப்போரும், பதுளையிலும் பண்டாரவளையிலும் வணிகம் நடத்துவோரும் உளர். கூலி பற்றிப் பேசும் இடத்திலே காலையும் நினைவிற் கொள்ளுங்கள். வேலைக்குக் கத்தி கொடுப்பது போலக் காலணியும் கொடுக்கப்படல் வேண்டுமென்று கேளுங்கள். கடை வைத்திருப்போர், கழன்றோடும் செருப்போடு மலைக்கேற்ற பூட்ஸையும் எளிய விலையில் வைத்து விற்கலாம். மாணவர்காள்! நீங்கள் அணிந்து வரும் வெண்சப்பாத்தின் விலையைச் செலுத்தியோருட் பலர் இன்னும் வெறுங்காலோடு மலையிலே நிற்கின்றனர். நீங்கள் பெறும் முதற் சம்பளத்திலே அன்னைக்குச் சேலை எடுப்பது நம்மவர் வழக்கம். அச்சேலையோடு, அவர் காலளவறிந்து ஒரு சோடி நல்ல காலணியும் வாங்கிக் கொடுங்கள்.