இடித்துரைக்கும் அறிவு

நுழையும்முன்

ஒரு புதிய மருந்து நோயாளியின் கைக்கு வருமுன் ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் பல ஆண்டுகள் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையை நடத்தும் நிறுவனத்திடம் பெரும்பொருளும் தேர்ந்த அறிவியலாளரும் இருக்கலாம். எனினும், விலகி நின்று முடிவுகளை எடைபோடும் அறிவுரைஞரின்றி அம்முயற்சி நிறைவு பெறுவதில்லை. அல்சைமர் நோய்க்கென உருவான ஒரு மருந்தின் வரலாற்றைக் கொண்டு அவர்களின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

நோயும் அதன் தடயமும்

முதுமையில் ஒருவர் அண்டைவீட்டாரின் பெயரை ஒரு கணம் மறப்பது இயல்பு. நாள்தோறும் நடந்து பழகிய தெருவிலேயே தம் வீடு எதுவெனத் தெரியாமல் நின்றுவிடுவது நோய். இவ்வாறு அறிதிறனை இழந்து வாழ்வோர் உலகெங்கும் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 60 முதல் 70 விழுக்காட்டினரின் நிலைக்குக் காரணம் அல்சைமர் நோயாகும்.

இந்நோய்க்குரிய தடயங்களை 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். மறதியால் வருந்தி இறந்த ஒரு பெண்ணின் மூளையை அவர் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிய இழைகளும் காணப்பட்டன. படிவுகள் அமைலாய்டு பீட்டா என்னும் புரதத்தாலும், இழைகள் டாவ் என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது 1980களில் தெளிவாயிற்று. படிவுகளை அகற்றினால் நோயின் வேகம் தணியும் என்னும் கருதுகோள் இதிலிருந்து வளர்ந்தது. ஆயினும், மூளையில் படிவு குறைவது ஒன்று. நோயாளியின் நினைவு காக்கப்படுவது மற்றொன்று. முன்னது நிகழ்ந்தால் பின்னதும் நிகழுமா என்பதே அறிவுரைஞர் இடைவிடாது எழுப்பவேண்டிய வினா ஆயிற்று.

அறிவுரைஞர் யாவர்?

உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றைச் சூழ்ந்து பலவகை அறிவுரைஞர் இயங்குகின்றனர். அறிவியல் அறிவுரைஞர் எந்தப் புரதத்தைக் குறிவைப்பது, நோயின் எந்த நிலையில் மருந்தைத் தருவது என்பன போன்ற அடிப்படைகளை ஆராய்வர். மருத்துவ அறிவுரைஞர் நோயாளிகளை நேரில் கண்டு பழகியவர். யாரைச் சோதனையில் சேர்ப்பது, எவ்வளவு மருந்து தருவது, பயனை எவ்வாறு அளப்பது என்பவற்றில் வழிகாட்டுவர்.

பயனை அளப்பது எளிதன்று. இச்சோதனைகளில் பெரிதும் பயன்படும் ஓர் அளவுகோல் நினைவு, இடமும் காலமும் அறிதல், முடிவெடுத்தல், வெளியுலகப் பழக்கம், வீட்டுப்பணி, தன்னைப் பேணல் ஆகிய ஆறு கூறுகளை ஆராய்கிறது. நோயாளியிடம் மட்டுமன்றி அவரைப் பேணுபவரிடமும் வினவி, 0 முதல் 18 வரை புள்ளிகள் இடப்படும். புள்ளி உயர உயர நோய் முற்றியது என்பது பொருள். அரைப் புள்ளி மாற்றத்தால் ஒருவர் வாழ்வில் என்ன வேறுபாடு நேரும் என்பதைக் கணக்கீடு மட்டும் கூறிவிட இயலாது. மருத்துவப் பட்டறிவும் துணைநிற்க வேண்டும்.

மூன்றாவதாக, தரவுக் கண்காணிப்புக் குழு உள்ளது. சோதனையில் ஒரு சாராருக்கு மருந்தும், மறுசாராருக்கு மருந்துபோல் தோன்றும் வெறும் நீர்மமும் தரப்படும். யாருக்கு எது தரப்பட்டது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். நிறுவனத்தைச் சாராத இக்குழுவினர் மட்டுமே இடையில் மறைப்பை நீக்கிப் பார்க்க உரிமை பெற்றவர். தீங்கு மிகுந்தாலோ, பயன் கிட்டும் வாய்ப்பு அற்றுப்போனாலோ சோதனையை நிறுத்துமாறு அவர்கள் பரிந்துரைப்பர். இவர்கள் நீங்கலாக, அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் தனக்கென வல்லுநர் குழுவை வைத்துள்ளது.

ஒரு மருந்தின் பயணம்

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்கு அருகிலுள்ள நியூரிம்யூன் நிறுவனத்தினர், முதுமையிலும் அறிவுத்தெளிவு குன்றாதோரின் குருதியணுக்களை ஆராய்ந்தனர். அமைலாய்டு படிவைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை அவற்றிலிருந்து கண்டெடுத்தனர். அதுவே அடுகானுமாப் என்னும் மருந்தாயிற்று. அமெரிக்காவின் பயோஜென் நிறுவனம் அதனை வளர்த்தெடுத்தது. பின்னர் ஜப்பானின் எய்சாய் நிறுவனமும் இணைந்தது.

2015ஆம் ஆண்டு எமெர்ஜ், எங்கேஜ் என்னும் இரு பெரும் சோதனைகள் தொடங்கின. ஒரே வடிவில் அமைந்த அவற்றில் மொத்தம் 3,285 பேர் பங்கேற்றனர். இடைக்கால ஆய்வில் பயன் தென்படாவிடில் சோதனையை நிறுத்துவதற்கான விதி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. அவ்விதியின்படி கண்காணிப்புக் குழு தரவுகளை ஆராய்ந்தது; வெற்றிக்கு வாய்ப்பில்லை எனத் தெரிந்தது. 2019 மார்ச்சில் இரு சோதனைகளும் நிறுத்தப்பட்டன.

ஏழு திங்கள் கழித்து நிறுவனம் புதிய செய்தியை வெளியிட்டது. இடைக்கால ஆய்வுக்குப் பின் சேர்ந்த தரவுகளையும் கூட்டிப் பார்த்தபோது, எமெர்ஜில் மருந்தை உயர் அளவில் பெற்றோருக்கு நோயின் முற்றல் 22 விழுக்காடு குறைந்திருந்தது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.39 புள்ளி வேறுபாடு. எங்கேஜிலோ எப்பயனும் இல்லை. சோதனையின் நடுவே குறிப்பிட்ட மரபணு கொண்டோருக்கு மருந்தளவு உயர்த்தப்பட்டதே இம்முரணுக்குக் காரணம் என்று நிறுவனம் விளக்கியது. மருந்தை உயர் அளவில் பெற்றோருள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரின் மூளைப் படங்களில் வீக்கம் தென்பட்டது. பலர்க்கு அது அறிகுறியின்றியே தணிந்ததெனினும், புறக்கணிக்கத்தக்கதன்று.

எழுந்த எதிர்க்குரல்

2020 நவம்பர் 6 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வல்லுநர் குழு கூடியது. நோயாளிகளின் உறவினர் தம் துயரை எடுத்துரைத்து, மருந்துக்கு இசைவளிக்குமாறு வேண்டினர். நிர்வாகத்தின் மருத்துவ ஆய்வாளர்கள் மருந்தை ஆதரித்தனர். அதன் புள்ளியியலாளர் சான்று போதாது என்றார். எமெர்ஜ் ஆய்வை மருந்தின் பயனுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளலாமா என்று இறுதியாக வினவப்பட்டது. 'ஆம்' என்றவர் ஒருவருமிலர். 10 பேர் 'இல்லை' என்றனர். ஒருவர் உறுதிகூற இயலாது என்றார்.

கண்முன் அமர்ந்த துயரைக் கண்டும் மறுப்பது எளிதன்று. ஆயினும், பொய்த்த நம்பிக்கையும் நோயாளிக்குச் சுமையே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பயன் ஐயத்திற்குரியதாகவும் தீங்கு உறுதியானதாகவும் இருக்கையில், இசைவு அருளாகத் தோன்றினும் அருளாகாது.

எனினும், 2021 ஜூன் 7 அன்று அம்மருந்துக்கு விரைவு ஒப்புதல் வழங்கப்பட்டது. படிவு குறைவதால் பயனும் விளையக்கூடும் என்பது அதற்குக் கூறப்பட்ட அடிப்படை. இவ்வழியைக் குறித்துக் குழுவிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. ஜோயல் பெர்ல்மட்டர், டேவிட் நாப்மன், ஆரன் கெசல்ஹைம் ஆகிய மூவர் குழுவிலிருந்து விலகினர். இவர்களுள் நாப்மன், இம்மருந்தின் சோதனையில் தாமும் பணியாற்றியிருந்தமையால், நவம்பர்க் கூட்டத்தில் பங்கேற்காமல் ஒதுங்கியிருந்தவர். தம் தீர்ப்பின்மீது ஐயத்தின் நிழலும் படியலாகாது என்பதே அவ்வொதுக்கத்தின் பொருள்.

மறுப்பும் ஏற்பும்

ஆண்டுக்கு 56,000 டாலர் என முதலில் விலை குறிக்கப்பட்ட அம்மருந்தைப் பல மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கின. 2022இல் அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மருத்துவச் சோதனைகளில் பங்கேற்போர்க்கு மட்டுமே செலவை ஏற்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் பயோஜென் அம்மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

அறிவுரைஞர் என்போர் மறுப்பதற்கே பிறந்தவர் என்று இதனால் எண்ணிவிடலாகாது. அவ்விரு நிறுவனங்களே முன்னெடுத்த லெகானமாப் என்னும் மற்றொரு மருந்து, 1,795 பேரிடம் 18 திங்கள் சோதிக்கப்பட்டது. முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி நோயின் முற்றல் 27 விழுக்காடு, அதாவது 0.45 புள்ளி, குறைந்தது. 2023 ஜூனில் கூடிய வல்லுநர் குழுவின் அறுவரும் அதன் பயனை ஏற்றனர். அடுத்த திங்களில் முழு ஒப்புதல் கிடைத்தது. அம்மருந்தும் நோயைக் குணப்படுத்துவதில்லை. வேகத்தைச் சிறிது தணிக்கிறது. மூளை வீக்கமும் குருதிக்கசிவும் நேரக்கூடும். இவை அனைத்தையும் அறிந்தே அறுவரும் ஏற்றனர்.

அறிவுரையின் அறம்

ஆள்வோருக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்பது திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் வலியுறுத்தும் கருத்து. இன்றைய ஆய்வு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். பல ஆண்டு உழைப்பைக் கொட்டியவருக்குத் தம் ஆக்கத்தின் குறை எளிதில் புலப்படாது. ஆகவேதான் பயனை அளக்கும் முறையும் சோதனையை நிறுத்தும் விதியும் முடிவுகளைக் காணுமுன்னரே வகுக்கப்படுகின்றன. ஆகவேதான் அறிவுரைஞர் பெறும் ஊதியமும் பிற தொடர்புகளும் வெளிப்படையாக்கப்படுகின்றன. ஒரு குழு 'இல்லை' என்று கூறும் உரிமை பெற்றிருந்தால்தான் அது கூறும் 'ஆம்' நம்பத்தக்கதாகிறது. அந்நம்பிக்கையைப் பற்றிக்கொண்டே நோயாளியும் அவர்தம் குடும்பத்தாரும் மருந்தைக் கைநீட்டிப் பெறுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

அமைலாய்டு படிவுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றின் சோதனை 2002ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஊசி பெற்றோரில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர்க்கு மூளையழற்சி ஏற்பட்டதே காரணம்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி மருத்துவர் ஒருவரைக் கண்டு, முதியோர்க்கு நேரும் இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் உள்ள வேறுபாடுகளைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.

குறுவினா
1. தரவுக் கண்காணிப்புக் குழுவின் பணி யாது?
2. டேவிட் நாப்மன் நவம்பர்க் கூட்டத்தில் பங்கேற்காமைக்குக் காரணம் யாது?

சிறுவினா
எமெர்ஜ், எங்கேஜ் ஆகிய சோதனைகளின் முடிவுகளை ஒப்பிடுக.

நெடுவினா
'இல்லை என்று கூறும் உரிமையே ஆம் என்பதற்கு மதிப்பளிக்கிறது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.